நிலைப்படியோடு நின்ற சட்டம்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் இல்லங்களும் மூட்டுவாதமும்

மலேசியத் தமிழரின் குடியிருப்பு வரலாறு பெரும்பாலும் வருகை, உழைப்பு, வெளியேற்றம் ஆகிய மூன்றையும் மையமாகக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. அவ்வீடுகளில் முதுமையுற்ற உடல்களைப் பற்றிய குறிப்புகள் அரிது. மலேசிய மருத்துவமனைகளின் முடக்குவாத நோயாளிகளுள் இந்தியரின் பங்கு அவர்தம் மக்கள்தொகை விகிதத்தினும் மிகுதி என மருத்துவ ஆய்வுகள் பலமுறை சுட்டியுள்ளன. ஆகவே வீட்டின் அமைப்பை மூட்டின் நோக்கிலிருந்து வாசிப்பது நம் துறைக்குப் புறம்பானதன்று.

காலனித்துவக் காலத் தோட்ட லயங்கள் பலவும் தூண்கள்மேல் உயர்த்தப்பட்ட மரவீடுகள். வீட்டினுள் நுழையப் படியேற வேண்டும். கழிப்பறைக்குப் படியிறங்க வேண்டும். மேடுபள்ளத்தில் காண்டாவாளி சுமந்து திரும்பியவரின் முழங்காலை அப்படிகள் மீண்டும் சோதித்தன. 1886இல் கோலாலம்பூரையும் புக்கிட் கூடாவையும் இணைத்த இருப்புப்பாதையைத் தொடர்ந்து பிரிக்பீல்ட்ஸ் தொடர்வண்டி ஊழியரின் பேட்டையாக வளர்ந்தது. அங்கும் குடியிருப்புகள் பணியாளரின் வேலைக்காலத்தைக் கருதி எழுந்தனவேயன்றி அவர்தம் முதுமையைக் கருதியன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் பெயர்ந்தோர் பலருக்கு வாய்த்தது, மின்தூக்கியற்ற ஐந்து மாடி மலிவு விலைக் குடியிருப்பு. லயத்தின் சில படிகள் இங்கே பல அடுக்குப் படிகளாயின.

சட்டம் இதனை எவ்வாறு எதிர்கொண்டது? 1984ஆம் ஆண்டின் சீர்நிலைக் கட்டட உபவிதிகளில் பின்னர் சேர்க்கப்பட்ட 34ஏ விதி, உடற்குறையுடையோர் கட்டடங்களுள் நுழைந்து வெளியேற வழி கோரியது. எனினும் ஒரு குடும்பத்துக்குரிய தனிவீடுகளை விலக்கியது. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் கட்டடங்களைப் பொறுத்தமட்டில் பொதுவசதிகளையே பேசுகிறது. வீதி மாறியது, வீடு மாறவில்லை. 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அமைந்துள்ள பிரிக்பீல்ட்ஸில் நடைபாதைகளின் தொடுபுள்ளிகள் பார்வையற்றோரை வழிநடத்துகின்றன. அதே புள்ளிகள் பாத மூட்டு வீங்கியவருக்கு உறுத்தலாகலாம் என்பதையும் இங்கே சுட்ட வேண்டும். அணுகல் என்பது ஒரே அளவில் வெட்டிய ஆடையன்று.

சட்டம் தொடாத வீட்டினுள் தேவைப்படுவன பெரிய மாற்றங்களல்ல. சக்கரநாற்காலிக்கான சாய்தளத்திற்கு 1க்கு 12 என்னும் சரிவு பரவலாக ஏற்கப்பட்ட அளவு. ஆனால் மூட்டுவாதக்காரரின் இடர்ப்பாடு சரிவோடு முடிவதில்லை. அது கைப்பிடியிலும் உள்ளது. காலைநேரத்தில் விறைத்த விரல்களால் உருண்டைக் குமிழைத் திருக இயலாது. முழங்கையாலும் அழுத்தத்தக்க நெம்புப்பிடியே பொருந்தும். குழாய்க்கும் இதுவே. குந்தும் கழிப்பறைக்கு மாற்றாக உயர்ந்த இருக்கையும், அருகே சுவரில் உறுதியாகப் பதித்த பிடிகம்பியும் வேண்டும். குளியலறை வாயிலின் சிறுவரப்பை அகற்றி, நீர் வடியத் தரையையே சற்றுச் சரித்துவிடலாம். அரிசிப் பானையை அடுப்புமேடையின் உயரத்திலேயே வைப்பது செலவில்லாத மாற்றம். பூசையறை விளக்குக்கும் உயரம் தேவை. தரையில் அமர்ந்து எழ இயலாத பாட்டிக்கு அது பெரிய செய்தி.

ஆயினும் இவையெல்லாம் கதவுக்கு உட்பட்டவை. அடுக்குமாடியில் குழாயை மாற்றக் குடியிருப்பாளர் தாமே முடிவெடுக்கலாம். மாடிப்படியோ பொதுச்சொத்து; அதன் இருபுறமும் கைப்பிடி அமைப்பதற்கும், மின்தூக்கி பொருத்துவதற்கும், நிருவாக அமைப்பின் இசைவும் அனைவரின் பணமும் வேண்டும். நான்காம் மாடியில் வாழும் முன்னாள் பால்மரத் தொழிலாளி அதுவரை கீழே இறங்கும் நாட்களைக் குறைத்துக்கொள்கிறார்.