ரெண்டு பக்கமும் நீலச் சட்டை

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க மக்களே.

2018 மார்ச் 17, சனிக்கிழமை. ஐ.எஸ்.எல். இறுதிப்போட்டி, கண்டீரவா ஸ்டேடியம். ஹெப்பகோடியில் இருந்து மத்தியானமே கிளம்பியாச்சு. அப்போ மஞ்சள் லைன் மெட்ரோ எல்லாம் கிடையாது. ஓசூர் ரோட்டில் ஊர்ந்து, சில்க் போர்டில் தவமிருந்துதான் போகணும். கூட என் பையன், எட்டு வயசு. நான் வியாசர்பாடிக்காரன். பொம்மசந்திராவில் ஆணி புடுங்க வந்து வருஷக்கணக்காச்சு. அவன் பிறந்ததே இங்கேதான்.

மோதுறது பெங்களூரு எஃப்.சி.யும் சென்னையின் எஃப்.சி.யும். ரெண்டு அணிக்கும் நிறம் நீலம். அதனால் நாங்க ரெண்டு பேரும் நீலச் சட்டையில் போனதைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வரலை. உட்கார்ந்தது பெங்களூரு ரசிகர்கள் நடுவில். "வாயைத் திறக்காதீங்கப்பா"ன்னு பையன் கண்டிஷன் போட்டிருந்தான்.

9வது நிமிஷம் சுனில் சேத்ரி தலையால் முட்டி கோல். பையன் நாற்காலி மேல ஏறிட்டான். அப்புறம் கார்னரில் இருந்து மெய்ல்சன் ஆல்வெஸ் ஒண்ணு. இடைவேளைக்கு முன்னாடி மறுபடி கார்னர், மறுபடி மெய்ல்சன். ரெண்டாவதுக்கு என்னை அறியாம எழுந்துட்டேன். பக்கத்துல இருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்து, தமிழ்லயே கேட்டார்: "மெட்ராஸா தம்பி? உக்காருங்க, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்." :-)

ஆட்டம் 3-2. கப் சென்னைக்கு. லீக் கட்டத்தில் பெங்களூரு 40 புள்ளி, சென்னை 32. அந்த எட்டு புள்ளி வித்தியாசம் ஒரே ராத்திரியில் காணாமப் போச்சு. திரும்பி வரும்போது பையன் பேசவே இல்லை. சென்னையின் மேலாளர் ஜான் கிரிகோரி. ஒரு காலத்தில் இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லாவை நடத்தியவர். அன்னிக்கு எனக்கு அவர் குலதெய்வம் மாதிரி.

சரி, அடுத்த சீசன் கதைக்கு வருவோம். அதே கிரிகோரி, முக்கால்வாசி அதே ஆட்கள். 2018 செப்டம்பர் 30, அதே கண்டீரவாவில் முதல் ஆட்டம், 1-0ன்னு தோல்வி. அங்கே பிடிச்ச சனி சீசன் முழுக்க விடலை. 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி. மொத்தம் 9 புள்ளி. பத்து அணியில் பத்தாவது. நடப்பு சாம்பியன் கடைசி இடம்!

எங்க வியாசர்பாடி நண்பர்கள் வாட்ஸப் குழுவை அப்போ பார்த்திருக்கணும். மார்ச்சில் கிரிகோரிக்கு சிலை வைக்கச் சொன்ன அதே ஆளுங்க டிசம்பரில் அவருக்கு ஃப்ளைட் டிக்கெட் பார்த்தாங்க. நானும் சளைக்காம திட்டினேன். ஆபீஸில் உட்கார்ந்து யாரை இறக்கணும், யாரை எடுக்கணும்னு பக்கம் பக்கமா டைப் அடிச்சேன்.

இப்போ நிதானமா கணக்கு போட்டா வேற மாதிரி தெரியுது. கோப்பையைத் தூக்கிய கேப்டன் என்ரிக் செரனோ கிளம்பிட்டார். நடுக்களத்தைக் கட்டிக்காத்த எங்க வியாசர்பாடி பையன் தன்பால் கணேஷ் முழங்கால் காயத்தில் சீசன் முழுக்க வெளியே. முந்தைய சீசனில் 9 கோல் போட்ட ஜெஜெ, இந்த சீசனில் போட்டது ஒண்ணே ஒண்ணு. முதுகெலும்பில் மூணு எலும்பு போனா யார் நிமிர்ந்து நிற்க முடியும்? ஆனா மூணு காரணத்தைத் திட்டுறதைவிட ஒரு ஆளைத் திட்டுறது சுலபம்.

அந்த ஜெஜெ கோல் வந்தது 2019 பிப்ரவரி 9, சென்னையில், பெங்களூருக்கு எதிரா. 2-1ன்னு ஜெயிச்சோம். வீட்டில் டிவி முன்னாடி குதிச்சேன். பையன் அமைதியா கேட்டான்: "நீங்கதான் கடைசி, நாங்க மேல இருக்கோம். எதுக்கு குதிக்கிறீங்க?" தங்கமணி சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. கடைசி இடம்னு சொன்னது கூட வலிக்கலை. அந்த "நீங்க", "நாங்க" வலிச்சுது. அடுத்த மாசம் அவனோட "நாங்க" சாம்பியன் ஆனாங்க.

இன்னொரு வேடிக்கை. அதே மார்ச்சில், கோயம்புத்தூரில் ஆடின சென்னை சிட்டி அணி ஐ-லீக் கோப்பையை ஜெயிச்சுது. ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம். தமிழ்நாட்டு அணி ஒண்ணு உச்சியில், இன்னொண்ணு அடியில், ஒரே வருஷம்.

2019 நவம்பர் கடைசியில், ஆறு ஆட்டத்தில் ஒரே வெற்றியோட கிரிகோரி விலகினார். ஓவன் கோய்ல் வந்தார். அணி கடகடன்னு ஏறி நாலாவது இடம், அப்புறம் இறுதிப்போட்டி. 2020 மார்ச் 14, கொரோனாவால் ஆளே இல்லாத கோவா மைதானத்தில் ஏ.டி.கே.யிடம் 3-1ன்னு தோத்தோம். பார்த்தீங்களா, மேலாளரை மாத்தினா எல்லாம் சரியாயிடும்னு குழுவில் ஒரே கொண்டாட்டம். ஆனா அந்த சீசனில் 15 கோல் அடிச்ச வால்ஸ்கிஸையும், ஆட்டத்தை நடத்தின கிரிவெல்லாரோவையும் கிரிகோரி இருந்தப்பவே எடுத்தாச்சு. விதைச்சது ஒருத்தர், அறுத்தது இன்னொருத்தர்.

அதுக்கப்புறம் நடந்ததைக் கேளுங்க. 2020-21ல் சாபா லாஸ்லோ: எட்டாவது இடம். 2021-22ல் பாண்டோவிச், கோவாவிடம் 5-0 வாங்கினதும் வெளியே: எட்டாவது இடம். 2022-23ல் பிர்தாரிச்: எட்டாவது இடம். மூணு வருஷம், மூணு மேலாளர், ஒரே எட்டு! நாற்காலியில் ஆளை மாத்தினா போதும்னு நினைக்கிறவங்க இந்த மூணு எட்டையும் எழுதி மாட்டி வெச்சுக்கலாம். இங்கிலாந்தில் லெஸ்டர் ரசிகர்களுக்கும் இது தெரியும். 2016 மே மாசம் யாரும் நம்பாத சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்த ரானியேரியை, 2017 பிப்ரவரியில் கழகம் வீட்டுக்கு அனுப்பிடுச்சு.

அந்தப் பெரியவரை இடைவேளையில் விசாரிச்சேன். அல்சூர்க்காரர், பொதுத்துறை தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. அணிகள் ஆடினதைப் பார்த்தே வளர்ந்தவர். "பெங்களூர் ஃபுட்பால்னா பாதி நம்மாளுங்க தம்பி"ன்னார். சும்மா சொல்லலை. சுதந்திர இந்தியாவுக்கு ஒலிம்பிக்கில் முதல் கோல் அடிச்சது சாரங்கபாணி ராமன், இந்த ஊர்க்காரர். 1948, லண்டன், ஃபிரான்ஸுக்கு எதிரா. நம்மவங்க பெரும்பாலும் வெறுங்காலோட ஆடினாங்க. ரெண்டு பெனால்டியை வீணடிச்சு 2-1ன்னு தோத்தாங்க.

அதைவிடக் கொடுமை 1952 ஹெல்சிங்கி. யூகோஸ்லாவியா 10, இந்தியா 1. அந்த ஒத்தை கோலும் பெங்களூர் அகமது கான் போட்டது. பயிற்சியாளர் ஹைதராபாத் பள்ளி ஆசிரியர் சையத் அப்துல் ரஹீம். இன்னிக்கு பத்து கோல் வாங்கின மேலாளர் விடியறதுக்குள்ள காணாமப் போயிருப்பார். ரஹீம் இருந்தார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாலாவது இடம். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், இறுதியில் தென்கொரியாவை 2-1ன்னு ஜெயிச்சு தங்கம். அந்த அணியில் பெங்களூர் அருமைநாயகமும் உண்டு. பத்து கோலுக்கும் தங்கத்துக்கும் நடுவில் பத்து வருஷம். அவ்வளவு பொறுமை நமக்கு இருக்கா?

எனக்கு இல்லைன்னுதான் நினைச்சிட்டிருந்தேன். பையனுக்கும் இல்லைன்னு 2023 டிசம்பர் 8 அன்னிக்குத் தெரிஞ்சுது. அதே கண்டீரவா, மும்பையிடம் பெங்களூரு 4-0ன்னு உதை. மேலாளர் சைமன் கிரேசன். 2022ல் டூராண்ட் கோப்பை வாங்கிக் கொடுத்தவர், 2023 மார்ச்சில் இறுதிப்போட்டி வரை கூட்டிப் போனவர். பதிமூணு வயசுப் பையன் வழி முழுக்கத் திட்டிக்கிட்டே வந்தான். பாதி கன்னடம், பாதி தமிழ், நடுநடுவே நான் கிரிகோரிக்குப் பயன்படுத்தின அதே வார்த்தைகள். யாரை இறக்கணும், யாரை எடுக்கணும்னு முழு பட்டியல். மறுநாளே கிரேசனை அனுப்பிட்டாங்க. அந்த சீசனில் பெங்களூரு பத்தாவது இடம்.

"ஆளை மாத்தினா சரியாயிடுமாடா? எங்க எட்டு எட்டு எட்டு கதை தெரியும்ல?"ன்னு சொல்ல வாயெடுத்தேன். சொல்லலை. சம்பந்தமில்லாத ஊர் தோத்தா யாருக்கும் தொண்டை கட்டாது. இவனுக்குக் கட்டியிருந்துது. இருபது வருஷம் ஆனாலும் "எப்போ ஊருக்கு?"ன்னு கேட்டா நான் சென்னை தேதிதான் சொல்றேன். இவன் ஊரிலேயே இருக்கான்.

2025 ஆகஸ்டில் மெட்ரோ வந்துடுச்சு. ஹெப்பகோடியிலேயே ஸ்டேஷன். சென்னை இங்கே ஆட வந்தா சில்க் போர்டுக்கு மேல மிதந்து போகலாம். ரெண்டு பேரும் நீலச் சட்டையில் போவோம். இந்தத் தடவை கண்டிஷன் எதுவும் வேண்டாம்னு பையன் சொல்லிட்டான்: "நீங்க உங்க கோச்சைத் திட்டுங்க, நான் எங்க கோச்சைத் திட்டுறேன்."

உங்க வீட்டுப் பசங்க "நாங்க"ன்னு சொன்னா எந்த ஊர் மக்களே?