லேவியராகமமும் ஆறுமுக நாவலரும்

பைபிளை முதல் பக்கத்தில் இருந்து வாசிக்க ஆரம்பிப்பவர்களில் பலர் ஒரே இடத்தில்தான் நின்று போகிறார்கள். ஆதியாகமம் கதை போல ஓடிவிடும். யாத்திராகமத்தில் பாதிவரை பார்வோன், செங்கடல், மன்னா என்று விறுவிறுப்புதான். பிறகு கூடாரத்தின் அளவு, திரையின் நிறம், ஆசாரியனின் உடுப்பு என்று தொடங்கி, லேவியராகமம் வந்ததும் புத்தகம் மூடப்பட்டுவிடும்! எந்தப் பலிக்கு எந்த மிருகம், எதைத் தொட்டால் எத்தனை நாள் தீட்டு, எந்த மீனைத் தின்னலாம் என்று விதி மேல் விதி.

யூதர்கள் இந்த விதிகளை மொத்தம் 613 என்று கணக்கிடுகிறார்கள். கிறிஸ்தவர்களுக்கும் இது வேதம்தான். ஆனால் அவர்கள் ஆடு பலியிடுவதில்லை, பன்றி இறைச்சியைத் தள்ளுவதில்லை. அதே சமயம் கொலை செய்யாதே, களவு செய்யாதே என்பது மட்டும் அப்படியே நிற்கிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? யார் முடிவு செய்வது?

கேள்வி பழையது. கி.பி. 49 வாக்கில் எருசலேமில் கூடிய அப்போஸ்தலர்கள், யூதரல்லாத கிறிஸ்தவர்களுக்கு விருத்தசேதனம் தேவையில்லை என்று முடிவெடுத்தார்கள். அடுத்த நூற்றாண்டில் மார்சியன் என்பவர் பழைய ஏற்பாடே வேண்டாம் என்றார். 144இல் ரோமாபுரிச் சபை அவரை வெளியேற்றியது. ஆக, விதிகளைக் கைக்கொள்ளவும் வேண்டாம், புத்தகத்தைத் தூக்கி எறியவும் கூடாது. சிக்கலே இதுதான். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இந்தச் சட்டத்தை ஒழுக்கம், சடங்கு, நீதி நிர்வாகம் என்று மூன்றாகப் பிரித்தார். ஒழுக்கம் என்றும் நிலைக்கும், மற்ற இரண்டும் முடிந்தன என்பது அந்தக் கணக்கு. கணக்கு சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தைத் திறந்தால், பிறனிடத்தில் அன்பு கூரச் சொல்லும் வசனத்துக்கு அடுத்த வசனமே இரண்டு வகை நூல் கலந்த துணியை உடுத்தாதே என்கிறது!

இதே கேள்வி தமிழிலும் ஒருமுறை பலமாக எழுந்தது. எழுப்பியவர் கிறிஸ்தவர் அல்ல, ஒரு சைவர். யாழ்ப்பாணம் நல்லூரில் 1822இல் பிறந்த ஆறுமுக நாவலர்.

நாவலர் படித்ததும் பிறகு பாடம் சொல்லிக் கொடுத்ததும் வெஸ்லியன் மிஷன் பள்ளியில். அதன் தலைவர் பீட்டர் பெர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழில் புதிதாக மொழிபெயர்த்தபோது உடன் இருந்து உழைத்தவர் நாவலர். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. நாவலர் மதம் மாறவில்லை. அதற்கு முன்பே, 1848இல், மிஷன் வேலையை விட்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிவிட்டார். 1854இல் 'சைவ தூஷண பரிகாரம்' என்ற நூலை வெளியிட்டார்.

மிஷனரிகள் அப்போது சைவத்தின் மேல் வைத்த குற்றச்சாட்டுகள் தெரிந்தவைதான். அபிஷேகம் வீண், தூபம் வீண், தீட்டுப் பார்ப்பது அறியாமை, தீர்த்த யாத்திரை மூடத்தனம் என்று துண்டுப் பிரசுரம் போட்டுக்கொண்டே இருந்தார்கள். நாவலர் இதற்கு ஆகமத்தையோ சித்தாந்தத்தையோ மட்டும் வைத்துப் பதில் சொல்லவில்லை. அவர்களுடைய பைபிளையே எடுத்து, இஸ்ரவேலரின் ஆலய வழிபாட்டுக்கும் சைவ வழிபாட்டுக்கும் உள்ள ஒற்றுமையைக் காட்டினார். உங்கள் கடவுளே விதித்த காரியத்தை எங்கள் கோயிலில் பார்த்தால் மட்டும் சிரிப்பது எப்படி என்பதுதான் கேள்வியின் சாரம்.

இது வெறும் வாய்ச்சாமர்த்தியமா? மானகிரி, காரைக்குடிப் பக்கம் வளர்ந்த ஒருவர் லேவியராகமத்தைத் தமிழில் வாசித்தால் பதில் கிடைத்துவிடும். வெள்ளைக்காரருக்கு இந்தப் புத்தகம் எங்கோ பாலைவனத்தில் நடந்த விநோதம். தமிழருக்கோ பக்கத்துத் தெரு. பிள்ளை பெற்றவளுக்கு ஆண் குழந்தை என்றால் 40 நாள், பெண் என்றால் 80 நாள் தீட்டு. மாதவிலக்குக்கு 7 நாள். பிணத்தைத் தொட்டவனுக்கும் 7 நாள். அந்தத் தீட்டைக் கழிக்க, சிவப்புக் கிடாரியை எரித்த சாம்பலைத் தண்ணீரில் கலந்து தெளிக்க வேண்டும். அணையாத விளக்கு. தினமும் இரண்டு வேளை தூபம். ஆரோன் வம்சத்தார் மட்டுமே ஆசாரியர், அவர்களிலும் அங்கக்குறை உள்ளவர் பலிபீடத்தின் அருகே வரக்கூடாது. உள் அறைக்குள் பிரதான ஆசாரியன் வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் நுழையலாம்.

மொழிபெயர்ப்பும் கைகொடுத்தது. இன்று சபைகளில் அதிகம் புழங்கும் தமிழ் பைபிளில் அந்த ஏழு கிளை விளக்கின் பெயர் குத்துவிளக்கு! பூசும் எண்ணெய் அபிஷேக தைலம். சட்டப் புத்தகங்களின் பெயர்களிலேயே 'ஆகமம்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தச் சொற்களை எல்லாம் கோயிலில் இருந்து எடுத்துக்கொண்டு, பிறகு கோயிலைப் பார்த்துப் பரிகசிப்பது கொஞ்சம் சங்கடமான வேலைதான்.

நூல் நன்றாகவே வேலை செய்தது. பைபிளில் அதன் ஆசிரியருக்கு இருந்த பரிச்சயம் ஆச்சரியமானது என்றும், சைவத்துக்குச் சாதகமாகப் பெரிய விளைவு உண்டானதை மறுக்க முடியாது என்றும் வெஸ்லியன் மிஷன் தரப்பிலேயே எழுதினார்கள்.

நாவலரின் வாதத்தில் பலவீனமே இல்லையா? இருக்கிறது. அதே சட்டம்தான் வேறு தேவர்களை வணங்காதே, உருவம் செய்து பணியாதே என்று மற்ற எல்லாவற்றையும் விட உறுதியாகச் சொல்கிறது. உடன்படிக்கைப் பெட்டியின் மேல் பொன்னால் இரண்டு கேருபீன்கள் இருந்தது உண்மை. மோசே வெண்கலச் சர்ப்பம் செய்ததும் உண்மை. ஆனால் ஜனங்கள் அந்தச் சர்ப்பத்துக்குத் தூபம் காட்டத் தொடங்கியதும் எசேக்கியா ராஜா அதை உடைத்துப் போட்டான். சடங்குகள் ஒத்துப்போகின்றன. யாருக்கு அந்தச் சடங்கு என்ற இடத்தில் ஒத்துப்போகவில்லை.

கிறிஸ்தவர் தரப்பில் வழக்கமான பதில் எபிரேயர் நிருபத்தில் இருந்து வருவது. பலிகளும் ஆசாரியத்துவமும் நிழல், கிறிஸ்து நிஜம், நிஜம் வந்தபின் நிழல் தேவையில்லை. கிறிஸ்தவ நம்பிக்கைக்குள் நின்று பார்த்தால் இது சரியான பதிலே. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. நிழல் என்றால் அது கடவுள் போட்ட நிழல். ஆட்டு ரத்தமும் தூபப் புகையும் தீட்டு நாட்களும் ஒரு காலத்தில் ஒரு ஜனத்துக்குப் பரிசுத்தம் என்றால் என்ன என்று கற்றுக்கொடுத்தன என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால், சடங்கு என்பதே மூடத்தனம் என்ற பேச்சை எடுக்க முடியாது. நாவலர் அடித்தது சரியாக இந்த இடத்தில்தான். கிறிஸ்துவே கடைசிப் பலி என்று சொல்ல மிஷனரிக்கு உரிமை இருந்தது. தண்ணீர் தெளிப்பதும் விளக்கு ஏற்றுவதும் கேலிக்குரியவை என்று சொல்லும் உரிமையை அவர் கையில் இருந்த புத்தகமே தரவில்லை.

இன்னொன்று, வணிகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டியது. உபாகமம் 23இல் சகோதரனிடம் வட்டி வாங்காதே, அந்நியனிடம் வாங்கலாம் என்று இருக்கிறது. வட்டிக்கடை வைக்க பர்மா வரை கப்பலேறிய செட்டிநாட்டில் இதை வாசிக்கவே சுவாரஸ்யமாக இருக்கும்! ஐரோப்பியச் சபை பல நூற்றாண்டுகள் வட்டியைத் தடுத்தது. 16ஆம் நூற்றாண்டில் கால்வின் அளவான வட்டிக்கு இடம் கொடுத்தார். இது பலியோ தீட்டோ அல்ல, ஏழையைப் பற்றிய சட்டம். நிழல், நிஜம் என்று சொல்லி இதைத் தாண்டிப் போக முடியாது. ஆனாலும் இன்று தசமபாகத்தைப் பற்றிப் பிரசங்கம் கேட்கும் அளவுக்கு வட்டியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எந்த விதி உயிரோடு இருக்கிறது என்பதை வேத வியாக்கியானம் மட்டும் தீர்மானிப்பதில்லை போலிருக்கிறது.

இந்த யாழ்ப்பாணச் சண்டையில் மூன்றாவது ஆள் ஒருவரும் உண்டு. இரு தரப்பும் யாருடைய சட்டத்தை எடுத்து வாதாடினார்களோ அந்த யூதர்கள் அப்போது கொச்சியிலேயே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். மட்டாஞ்சேரியில் அவர்களுடைய பரதேசி ஜெப ஆலயம் 1568இல் கட்டப்பட்டது. அங்கே பலிபீடம் கிடையாது. கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்த பிறகு யூதர்களின் பலி நின்றுவிட்டது, ஜெபமும் சட்டத்தைப் படிப்பதும் அதன் இடத்துக்கு வந்தன. உணவு விதியும் ஓய்வு நாளும் மட்டும் விடாமல் தொடர்ந்தன. 1948இல் இஸ்ரேல் உருவான பின் அவர்களில் பெரும்பாலோர் அங்கே போய்விட்டார்கள்.