விமான ஆலை வளர்த்த கால்பந்து

இந்திய விமானப் படையில் 1970களின் நடுவிலிருந்து 2004 வரை பயிற்சி எடுத்தவர்களுக்கு ‘இஸ்க்ரா’ என்ற பெயர் பழக்கமாக இருக்கும். ஜெட் விமானம் ஓட்டக் கற்றுத்தருவதற்காக இந்தியா போலந்திடமிருந்து முதலில் 50 இஸ்க்ராக்களை வாங்கியது. பிறகு இன்னும் கொஞ்சம் வாங்கியது. அவை உருவான ஊர் மியெலெட்ஸ். தென்கிழக்குப் போலந்தில், விஸ்வோக்கா ஆற்றங்கரையில், இன்று சுமார் 60,000 பேர் வாழும் சிற்றூர். அந்த ஊர் விமான ஆலையின் வாசல் வழியாக விமானம் மட்டும் வெளியே போகவில்லை, கால்பந்து வீரர்களும் போனார்கள். 1976 செப்டம்பரில் ரியல் மாட்ரிட் அணியே ஐரோப்பியக் கோப்பைக்காக இந்த ஊருக்கு வந்து ஆட வேண்டியிருந்தது. ‘ஸ்டால் மியெலெட்ஸ்’ என்ற உள்ளூர் விளையாட்டுச் சங்கம் அப்போது போலந்தின் நடப்புச் சாம்பியன்.

இவ்வளவு சின்ன ஊருக்குப் பந்து எப்படி வந்து சேர்ந்தது என்று தேடிக்கொண்டு போனால், கதை பந்தே இல்லாத ஓர் இடத்தில் தொடங்குகிறது. 1811, பெர்லின். நெப்போலியனிடம் தோற்றுக் கிடந்த பிரஷ்ய இளைஞர்களை உடற்பயிற்சியால் தட்டி எழுப்ப, ஃபிரீட்ரிக் லுட்விக் யான் என்ற ஆசிரியர் திறந்தவெளியில் கம்பங்களும் கயிறுகளும் நட்டு ஒரு பயிற்சிக்களம் அமைத்தார். உடம்பை வளர்ப்பது வெளிப்பேச்சு. நாட்டுப்பற்றை வளர்ப்பதுதான் உள்நோக்கம். அந்த யோசனையை 1862இல் பிராக் நகரத்து மிரோஸ்லாவ் டிர்ஷ் செக் மக்களுக்கு ஏற்றபடி மாற்றி, வல்லூறு என்று பொருள்படும் ‘சோகோல்’ சங்கத்தை நிறுவினார். ஜெர்மானியரை எதிர்த்து நிற்க ஜெர்மானியர் கண்டுபிடித்ததையே நகல் எடுத்தார்! ஐந்தே ஆண்டுகளில் அந்த நகலுக்கும் ஒரு நகல் வந்தது. 1867இல் லிவிவ் நகரத்துப் போலிஷ்காரர்கள் தங்களுக்கென ஒரு சோகோலைத் தொடங்கினார்கள்.

அப்போது போலந்து என்ற நாடே உலகப் படத்தில் கிடையாது. 1795இல் ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் அதைப் பங்கு போட்டுவிட்டிருந்தன. மூவரில் சற்றுத் தாராளமாக நடந்துகொண்டது ஆஸ்திரியா. அதன் பங்கில் விழுந்த கலீசியா பகுதியில் போலிஷ் மொழியில் பாடம் நடத்தலாம், சங்கம் வைக்கலாம். லிவிவ், கிராக்கோ, மியெலெட்ஸ் மூன்றும் அந்தக் கலீசியாவில்தான் இருந்தன. போலந்துக் கால்பந்தின் தொட்டில் வார்சாவாக இல்லாமல் லிவிவாக அமைந்ததற்கு இந்த நில அரசியலே காரணம்.

1894 ஜூலை 14. லிவிவில் பெரிய கண்காட்சி ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதையொட்டிச் சோகோல் சங்கங்கள் கூடி உடற்பயிற்சித் திறமைகளைக் காட்டின. நிகழ்ச்சிகளுக்கு நடுவே, ‘இங்கிலாந்திலிருந்து வந்த புது விளையாட்டாம், அதையும் ஆடிக் காட்டிவிடுவோம்’ என்கிற மட்டில், லிவிவ் சோகோலும் கிராக்கோ சோகோலும் களத்தில் இறங்கின. ஆறாவது நிமிடத்தில் லிவிவைச் சேர்ந்த ஹொமிட்ஸ்கி என்ற மாணவர் பந்தை உள்ளே தள்ளினார். அவ்வளவுதான், ஆட்டத்தை முடித்துவிட்டார்கள். அடுத்து உடற்பயிற்சிக் காட்சிக்கு மைதானம் வேண்டியிருந்தது. கூடியிருந்தவர்கள் பார்க்க வந்தது கம்பத்தில் தொங்குகிறவர்களை, பந்தின் பின்னால் ஓடுகிறவர்களை அல்ல. போலந்தின் முதல் கால்பந்து ஆட்டம் என்று இன்று நினைவுகூரப்படுவது இந்த ஆறு நிமிட இடைச்செருகல்தான்.

அந்த இடைச்செருகல் பிறகு முக்கிய நிகழ்ச்சியையே விழுங்கிவிட்டது. 1903, 1904 ஆண்டுகளில் லிவிவிலும், 1906இல் கிராக்கோவிலும் பள்ளி மாணவர்களைக் கொண்டு கால்பந்துக்கென்றே சங்கங்கள் முளைத்தன. கிராக்கோவியா, விஸ்வா என்ற இரண்டு கிராக்கோ அணிகளும் அந்த 1906இல் பிறந்து இன்றுவரை ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கின்றன. 1918இல் போலந்து மீண்டும் நாடானது. மறு ஆண்டே கால்பந்துச் சம்மேளனமும் வந்தது. விளையாட்டின் நுணுக்கங்களைச் சொல்லிக்கொடுக்க ஹங்கேரியிலிருந்து ஆள் வந்தார். கிராக்கோவியாவை 1921இல் முதல் தேசியப் பட்டத்துக்கு அழைத்துச் சென்ற இம்ரே போஷோனி ஹங்கேரிக்காரர்; பின்னாளில் பார்சிலோனாவுக்கும் பயிற்சி அளித்தவர். அந்த ஆண்டு டிசம்பரில் போலந்து தன் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடியது. ஆடிய இடம் புடாபெஸ்ட், எதிரணியும் ஹங்கேரிதான். 0-1 என்று தோற்றது.

மியெலெட்ஸோ இதற்கெல்லாம் எட்டாத தூரத்தில் ஒரு சந்தை ஊராகவே கிடந்தது. மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் யூதர்கள். சுற்றிலும் காடு, ஏழைக் கிராமங்கள். அந்த ஏழ்மையும் ஒதுக்குப்புறமும்தான் ஊரின் தலையெழுத்தை மாற்றின. 1930களின் பிற்பாதியில், ஜெர்மன் எல்லைக்கும் சோவியத் எல்லைக்கும் தள்ளி, நாட்டின் நடுவாந்தரத்தில் ஆயுதத் தொழிற்சாலைகளை நிறுவப் போலந்து அரசு முடிவெடுத்தது. எவ்கேனியுஷ் க்வியாட்கோவ்ஸ்கி என்ற அமைச்சர் முன்னின்று நடத்திய பெருந்திட்டம் அது. வேலையில்லாத கைகள் ஏராளமாகக் கிடைக்கும் இடமாகப் பார்த்து ஆலைகள் எழுந்தன. மியெலெட்ஸுக்குக் கிடைத்தது ‘வோஷ்’ என்ற குண்டுவீச்சு விமானத்தைப் பூட்டி முடிக்கும் ஆலை. வெளியூரிலிருந்து வந்த பொறியாளர்களும் தொழிலாளர்களும் சாயங்காலம் என்ன செய்வார்கள்? 1939 ஏப்ரல் 10 அன்று ஆலையின் பெயரிலேயே ஒரு விளையாட்டுச் சங்கம் பிறந்தது.

ஐந்து மாதம்கூட நிம்மதியாக ஆடவில்லை. செப்டம்பர் 1இல் போர். ஆலை ஹைன்கல் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் கைக்குப் போனது. 1942 மார்ச் 9 அன்று ஊரின் யூதர்கள் அனைவரையும் சதுக்கத்தில் திரட்டினார்கள். முதியவர்கள் பலரை அங்கேயே சுட்டார்கள். உடல் வலுவுள்ள சிலரை ஆலையின் கட்டாய உழைப்பு முகாமுக்கு ஓட்டினார்கள். மற்றவர்களை ரயிலேற்றிக் கிழக்கே அனுப்பினார்கள். போர் முடிந்தபோது ஆலைக் கட்டடம் நின்றது, பாதி ஊர் இல்லை. லிவிவும் எல்லைக்கு அப்பால் சோவியத் பக்கம் போய்விட்டது; அங்கிருந்த போலிஷ் வீரர்கள் மூட்டை முடிச்சுகளோடு மேற்கே நகர்ந்து வேறு ஊர்ச் சங்கங்களில் சேர்ந்தார்கள்.

அடுத்து மாஸ்கோவிலிருந்து ஒரு நகல் வந்தது. 1949இல் போலந்தின் விளையாட்டுச் சங்கங்கள் பெரும்பாலும் தொழிற்சங்கங்களுக்குக் கீழே கொண்டுவரப்பட்டன. சுரங்கத் தொழிலாளிகளின் அணிக்கு ‘கூர்னிக்’, ரயில்வேக்கு ‘கொலெயாஷ்’, உலோகத் தொழிலாளிகளுக்கு எஃகு என்று பொருள்படும் ‘ஸ்டால்’. ஒரே பெயரில் ஊருக்கு ஊர் அணி! ஜெஷூவில் ஒரு ஸ்டால், ஸ்டாலோவா வோலாவில் ஒரு ஸ்டால், மியெலெட்ஸில் ஒரு ஸ்டால். ஆலைக்கு ஓர் அணி என்ற இந்த முறையைச் சோவியத் கண்டுபிடிப்பு என்று சொல்வார்கள். ஆனால் புரட்சிக்கு முன்பே மாஸ்கோவுக்குக் கிழக்கில் இருந்த மொரோசோவ் துணியாலையில், லங்காஷயரிலிருந்து மேலாளர்களாகப் போன சார்னாக் சகோதரர்கள் தொழிலாளர்களை வோட்காவிலிருந்து திருப்பக் கால்பந்து அணி ஒன்றைக் கட்டியிருந்தார்கள். ஆக, ஆங்கிலேய மில்காரர்களின் உத்திதான் செங்கொடி கட்டிக்கொண்டு போலந்துக்குள் நுழைந்தது. ஸ்டாலின் காலம் முடிந்து 1956க்குப் பிறகு பல சங்கங்கள் பழைய பெயருக்குத் திரும்பின. மியெலெட்ஸ் திரும்பவில்லை. ஐந்து மாதப் பழைய பெயரில் ஏங்குவதற்கு என்ன இருக்கிறது!

ஆலையோ நகலெடுப்பதில் தேர்ந்துவிட்டது. சோவியத் மிக்-15 ஜெட்டை உரிமம் வாங்கி வேறு பெயரில் தயாரித்தார்கள். 1960 முதல் அன்டோனவ்-2 என்ற இரட்டைத்தட்டு இறக்கை விமானத்தைச் செய்யத் தொடங்கி, சுமார் 12,000 விமானங்களைக் கட்டினார்கள். இடையில் ‘மிக்ரூஸ்’ என்று ஒரு குட்டிக் கார். ஜெர்மனியின் கொக்கோமொபைலைப் பார்த்துச் செய்தது. 1,728 கார்களோடு நின்றுபோனது. பிறகு பயிருக்கு மருந்தடிக்க ஒரு ஜெட் விமானம், அதுவும் இரட்டைத்தட்டு இறக்கையோடு. மருந்தடிக்க மெதுவாகப் பறக்க வேண்டும், ஜெட் என்றால் வேகம். இரண்டையும் சேர்த்துக் கட்டிய பிராணி ஓடாமல் போனதில் ஆச்சரியமில்லை. நகல் எடுக்காமல் சொந்தமாகச் செய்து நன்றாக விலைபோனது டதேயுஷ் சொவ்டிக் வடிவமைத்த இஸ்க்ராதான்.

இந்த ஆலை செழித்ததால் அணியும் செழித்தது. அன்றைய சட்டப்படி வீரர்கள் எல்லோரும் ‘பொழுதுபோக்கு ஆட்டக்காரர்கள்’. பெயர் ஆலையின் சம்பளப் பதிவேட்டில் இருக்கும், கால் மைதானத்தில் இருக்கும். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ வங்கியிலோ சேர்ந்தவர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல. 1961இல் முதன்முறையாக மேல்நிலை லீக்குக்கு ஏறிய அணி சீக்கிரமே இறங்கிவிட்டது. 1970இல் மறுபடி ஏறியபோது கையில் நல்ல சரக்கு இருந்தது. சிறுவனாக இருந்தபோதே சங்கத்தில் சேர்ந்த வேகக்காரர் கிஷெகோஷ் லாட்டோ, நடுக்களத்தின் மூளை ஹென்ரிக் காஸ்பெர்சாக், பக்கத்து ஜெஷூவிலிருந்து வந்த யான் டொமார்ஸ்கி. பயிற்சியாளர் காரோய் கோந்தா, வேறு எந்த நாட்டுக்காரர், ஹங்கேரிக்காரர்தான். 1973இல் ஸ்டால் மியெலெட்ஸ் போலந்தின் சாம்பியன்.

அந்த ஆண்டு அக்டோபர் 17. வெம்ப்ளி மைதானம். அடுத்த ஆண்டு உலகக் கோப்பைக்குப் போக இங்கிலாந்து ஜெயித்தே ஆக வேண்டும், போலந்துக்குச் சமன் போதும். போலந்தின் நட்சத்திரம் லுபான்ஸ்கி ஜூனில் இதே இங்கிலாந்துக்கு எதிராக ஆடியபோது முழங்கால் போய்ப் படுத்துவிட்டார். அதனால் நடு முன்களத்தில் டொமார்ஸ்கி. முதல் பாதி முழுக்க இங்கிலாந்து அடித்துக்கொண்டே இருந்தது. போலந்து கோல்கீப்பர் டொமாஷெவ்ஸ்கியைத் தொலைக்காட்சியில் கோமாளி என்று கேலி செய்திருந்தார் ஆங்கிலப் பயிற்சியாளர் பிரையன் கிளஃப். அந்தக் கோமாளி கையாலும் காலாலும் எல்லாவற்றையும் தடுத்தார். இரண்டாம் பாதியில், எல்லைக்கோட்டோரம் இங்கிலாந்தின் நார்மன் ஹன்டர் சாவகாசமாகப் பந்தை அடையப் போக, லாட்டோ முந்திக்கொண்டார். அங்கிருந்து ஒரே ஓட்டம். உள்பக்கம் தள்ளிவிட்ட பந்தை டொமார்ஸ்கி தரையோடு தரையாக அடிக்க, விழுந்த இங்கிலாந்து கோல்கீப்பர் ஷில்டனின் உடம்புக்கு அடியில் அது வலைக்குள் போய்விட்டது. கொடுத்தவரும் அடித்தவரும் ஒரே ஆலையின் அணி. இங்கிலாந்து பெனால்டியில் ஒரு கோலைத் திருப்பியது, அதற்கு மேல் முடியவில்லை. 1-1. கால்பந்தைக் கண்டுபிடித்த நாடு 1974 உலகக் கோப்பைக்கு வெளியே நின்றது.

உலகக் கோப்பையில் லாட்டோ 7 கோல் போட்டுத் தொடரிலேயே முதலிடம் பிடித்தார். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பிரேசிலை வீழ்த்திய ஒற்றைக் கோலும் அவருடையதே. 1975-76இல் ஸ்டால் யூயெஃபா கோப்பைக் காலிறுதி வரை போய், ஹாம்பர்க் அணியிடம் ஒரு கோல் வித்தியாசத்தில் வெளியேறியது. உள்நாட்டில் இரண்டாவது பட்டம். பிறகு ரியல் மாட்ரிட். சொந்த ஊரில் 1-2, வாலென்சியாவில் நடந்த மறு ஆட்டத்தில் 0-1. தோல்விதான், ஆனால் எண்களைப் பாருங்கள்: நசுக்கப்பட்ட அணியின் எண்களா அவை?

அப்புறம் ஏற்றுமதி. முப்பதை நெருங்கும்வரை வீரர்களை வெளிநாட்டுக்கு விடமாட்டார்கள். 1978இல் காஸ்பெர்சாக் பிரான்சின் மெட்ஸ் அணிக்கும், 1980இல் லாட்டோ பெல்ஜியத்தின் லோகெரன் அணிக்கும் போனார்கள். காஸ்பெர்சாக் பயிற்சியாளராகி ஆப்பிரிக்கா முழுக்கச் சுற்றினார். 1994 ஆப்பிரிக்கக் கோப்பையில் அவர் பயிற்றுவித்த ஐவரி கோஸ்ட் மூன்றாம் இடம். 1996இல் துனிசியா இறுதி ஆட்டம்வரை வந்தது.

1989க்குப் பிறகு சோவியத் ஆர்டர்கள் நின்றன. ஆலை முடங்க, ஊரே வேலை தேடி அலைந்தது. 1995இல் போலந்தின் முதல் சிறப்புப் பொருளாதார மண்டலம் இங்கே அமைக்கப்பட்டதற்கு இந்த முடக்கமே காரணம். 1996இல் அணி மேல்நிலை லீக்கிலிருந்து இறங்கியது. அடுத்த ஆண்டு கடனில் மூழ்கிக் கலைந்தேபோனது. ஊர்க்காரர்கள் புதிய சங்கம் ஒன்றைப் பதிவு செய்து, கீழ்நிலை லீக்குகளில் கிராமத்து மைதானங்களிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். 2007இல் ஆலையை அமெரிக்காவின் சிகோர்ஸ்கி வாங்கியது. அங்கே இப்போது பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்கள் தயாராகின்றன. 2013இல் மைதானம் சுமார் 7,000 இருக்கைகளோடு புதுப்பிக்கப்பட்டது. 2020இல் ஸ்டால் மியெலெட்ஸ் மேல்நிலை லீக்குக்குத் திரும்பியது, 24 ஆண்டுகள் கழித்து. சட்டையில் விமான ஆலைக்குப் பதில் அரசுப் பங்குள்ள மின்நிறுவனத்தின் பெயர்.

இரண்டு பட்டங்களைவிட 2020தான் பெரிய சாதனை என்பது என் கட்சி. 1970களில் ஆயிரக்கணக்கில் விமானம் செய்யும் ஆலை பின்னால் நின்றது; இம்முறை விளம்பரப் பணத்தையும் ஊர்க்காரர்களின் பிடிவாதத்தையும் நம்பி ஏறி வந்தார்கள். ஐந்து பருவங்கள் தாக்குப்பிடித்தார்கள். 2025இல் அணி மீண்டும் இரண்டாம் நிலை லீக்குக்கு இறங்கியிருக்கிறது.