மணமகனுக்கும் ஒரு மோதிரம்

கடந்த பாஸ்கா காலத்தில் திருமண ஓலை எழுத நம் பங்கு இல்லத்திற்கு வந்த இளைஞர் ஒருவர், விவரங்களையெல்லாம் சொல்லி முடித்த பின்னரும் எழுந்திருக்காமல் அமர்ந்திருந்தார். லேத் பட்டறையில் வேலை செய்பவர். சற்றுத் தயங்கிவிட்டு, "சாமி, மாப்பிள்ளை மோதிரம் தங்கத்துலதான் இருக்கணுமா?" என்று கேட்டார். "எங்கப்பா மோதிரம் தேஞ்சு நெளிஞ்சு, கடைசியில அடகுக் கடைக்குப் போச்சு. திரும்பி வரவேயில்ல. காலத்துக்கும் நிக்கிற மாதிரி கெட்டியா வேற எதுலயாவது செஞ்சிக்கலாமா?"

இன்ன உலோகம்தான் வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் எதுவும் விதிக்கவில்லை என்று சுருக்கமாகச் சொல்லி அவரை அனுப்பிவிட்டோம். விடை சரிதான். ஆயினும் அன்றிரவு அது நமக்கே போதாததாகத் தோன்றியது. குருமடத்தில் திருவழிபாட்டு வரலாறு பயின்ற நாட்களில் திருமண மோதிரத்தைப் பற்றி நாம் படித்ததெல்லாம் தேர்வுக்காகப் படித்தவையே. இப்போது ஓர் உழைப்பாளியின் கேள்வியோடு அவற்றைப் புரட்டிப் பார்த்தபோது, அவர் கேட்டது புதுமையான கேள்வியன்று, மிகப் பழமையானது என்று கண்டோம்.

உரோமையரின் நிச்சய மோதிரம் தொடக்கத்தில் பொன்னால் ஆனதன்று, இரும்பால் ஆனது. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையின் சீற்றத்தில் உயிர்துறந்த மூத்த பிளினி, தமது இயற்கை வரலாற்றின் முப்பத்து மூன்றாம் நூலில், தம் காலத்திலும் மணம் பேசப்பட்ட பெண்ணுக்குக் கல் பதிக்காத இரும்பு மோதிரமே அனுப்பப்படுகிறது என்று குறித்திருக்கிறார். பொன்னை முதன்முதலில் விரலில் அணிந்தவன் மானிட வாழ்வுக்கே பெருந்தீங்கு இழைத்தவன் என்பது அவருடைய கருத்து. நுமீதிய மன்னன் யுகுர்த்தாவை வென்று ஊர்வலம் வந்த தளபதி மாரியுசின் விரலிலும் இரும்பு மோதிரமே இருந்ததாம். இரும்பு அக்காலத்தில் ஏழ்மையின் அடையாளமாக மட்டும் இருக்கவில்லை. பழைய ஒழுக்கத்தின் அடையாளமாகவும் இருந்தது.

அந்த மோதிரம் அணிகலன் அன்று, அச்சாரம். வீடு வாங்குபவரும் மாடு வாங்குபவரும் சொன்ன சொல் மாறாதிருக்கக் கைமாற்றும் முன்பணம் எதுவோ, அதன் இடத்தில் நின்றது அது. இதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'அராபோன்' என்பது. தூய பவுல், நம் உள்ளங்களில் தூய ஆவியார் அச்சாரமாக அருளப்பட்டிருக்கிறார் என்று எழுதும்போது (2 கொரி 1:22) பயன்படுத்துவது இதே சொல்லைத்தான். இன்றைய கிரேக்க மொழியில் திருமண நிச்சயத்திற்கு அச்சொல்லின் வழிவந்த சொல்லே வழங்குகிறது. சந்தைத் திடலில் பிறந்த ஒரு சொல் மணமேடைக்கும் மறைநூலுக்கும் ஏறிவந்த வரலாறு தனியே எழுதத் தக்கது.

ஏறத்தாழ 197ஆம் ஆண்டில் எழுதிய தெர்த்தூலியன், முற்காலப் பெண்கள் ஒரே ஒரு விரலில் மட்டுமே பொன் அணிந்தனர், அதுவும் மணமகன் அச்சாரமாக இட்ட மோதிரமே என்று தம் காலத்து ஆடம்பரத்தைக் கண்டித்துப் பேசுகிறார். ஆக, பிளினிக்குப் பின் நூற்றிருபது ஆண்டு ஆவதற்குள் இரும்பின் இடத்தில் பொன் அமர்ந்துவிட்டது. அலெக்சாந்திரியா நகரக் கிளமெந்து அதற்கொரு காரணமும் கூறுகிறார்: பெண்ணுக்குப் பொன் மோதிரம் அழகுக்காக அன்று, வீட்டுப் பொருள்களைப் பூட்டி முத்திரையிடுவதற்காக. ஆடவர் மோதிரத்தையும் அவர் விடவில்லை. அதில் புறா, மீன், கப்பல், நங்கூரம் போன்ற உருவங்களைப் பொறிக்கலாம் என்கிறார்.

இங்கேதான் நாம் சற்று நின்றோம். உரோமை ஆடவன் மோதிரம் அணிந்தான். ஆனால் அது அவன் கடிதத்திற்கும் சொத்துக்கும் முத்திரை குத்தும் கருவி. மனைவியின் விரலில் இருந்தது அவள் கட்டுண்டவள் என்பதைச் சொல்லிற்று. கணவனின் விரலில் இருந்தது அவன் உரிமையாளன் என்பதைச் சொல்லிற்று. எந்த உலோகம் நெடுநாள் நிற்கும் என்று ஆராயத் தொடங்கிய நமக்கு, வேறொரு கேள்வி குறுக்கே வந்து நின்றது: அச்சார மோதிரம் மணமகன் விரலுக்கு வர எத்தனை காலம் ஆயிற்று?

மேலைத் திருச்சபையில் அது மிகத் தாமதமாகவே வந்தது. 636இல் இறந்த புனித இசிதோர், மணமகன் மணமகளுக்குத் தரும் மோதிரம் இருவருக்கிடையிலான பற்றுறுதியின் அடையாளம் என்கிறார். நான்காம் விரலிலிருந்து ஒரு நரம்பு நேரே இதயத்திற்குச் செல்கிறது என்னும் பழைய நம்பிக்கையையும் சேர்த்துச் சொல்கிறார். உடற்கூற்றியலில் அதற்கு இடமில்லை. ஆனால் அந்த விரல் மட்டும் இன்றுவரை மாறவில்லை. 866இல் பல்கேரியர்களின் கேள்விகளுக்கு விடையெழுதிய திருத்தந்தை முதலாம் நிக்கோலாஸ், மணமகன் மணமகளின் விரலில் மோதிரம் இடுவதை உரோமை வழக்கமாக விவரிக்கிறார். அதே மடலில் அவர் எழுதியுள்ள மற்றொன்றை ஏழைப் பங்குகளில் பணிபுரியும் எம் போன்றோர் மறக்கலாகாது. இச்சடங்குகளை எல்லாம் நிறைவேற்ற வறுமை இடம் தராவிடில் அது பாவம் ஆகாது. மணமக்களின் சம்மதம் ஒன்றே போதும். அது இல்லையெனில் மற்ற அனைத்தும் வீண் என்கிறார். பொன்விலை ஏற்றத்தைக் காட்டித் திருமணத்தைத் தள்ளிப்போடும் குடும்பங்களிடம் இம்மடலை நாம் பலமுறை எடுத்துச் சொன்னதுண்டு. பலன் குறைவு.

இசிதோர் சொன்ன பற்றுறுதி இருவருக்கும் உரியது, மோதிரமோ ஒருவருக்கே. கீழைத் திருச்சபையின் பைசாந்திய வழிபாட்டு முறை மட்டும் இதில் முன்சென்றது. பீடத்தின்மீது இரு மோதிரங்கள், பொன்னில் ஒன்றும் வெள்ளியில் ஒன்றும், வைக்கப்படும். குரு பொன் மோதிரத்தை மணமகனுக்கும் வெள்ளி மோதிரத்தை மணமகளுக்கும் இடுவார். பின்னர் அவை கைமாறும். உலோகத்தில் உயர்வு தாழ்வு இருந்தாலும் ஆடவனின் விரலும் நீட்டப்பட்டது. மேற்கிலோ, 1614இல் வெளியான உரோமைச் சடங்கு நூல் ஒரே மோதிரத்தைத்தான் மந்திரித்தது. அதை மணமகன் மணமகளின் விரலில் இடுவான். அவன் விரல் வெறுமையாகவே திரும்பும்.

நம் தமிழ் மண்ணிலும் அடையாளத்தைச் சுமந்தவள் பெண்ணே. 1704இல், பின்னாளில் கர்தினாலான தூர்னோன் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணை, பிள்ளையார் உருவம் பொறித்த தாலியை விலக்கிச் சிலுவையோ ஆண்டவர், அன்னை மரியாவின் உருவமோ பொறித்த தாலியை அனுமதித்தது. அவள் கழுத்தில் எது தொங்க வேண்டும் என்று இத்தனை நுணுக்கமாக ஆராய்ந்த நம் முன்னோர், அவன் கையில் ஏதேனும் இருக்க வேண்டுமா என்று கேட்டதாகத் தெரியவில்லை.

இனி, இரும்பு திரும்பி வந்த கதை. 1813இல் நெப்போலியனை எதிர்த்துப் போரிட்ட பிரஷ்ய நாட்டில், அரச குடும்பத்து இளவரசி மரியான் பெண்களுக்கு ஓர் அறைகூவல் விடுத்தார். பெண்கள் தம் பொன் மோதிரங்களைப் போர்ச் செலவுக்குத் தந்து, இரும்பு மோதிரங்களைப் பெற்றனர். பொன்னை இரும்புக்காகத் தந்தேன் என்னும் பொருள்பட அவற்றில் எழுதியிருந்தது. பெர்லின் நகரின் அரச வார்ப்பாலை அக்காலத்தில் இரும்பு நகைக்கே பேர்பெற்றது. பொன் அணிந்தவள் நாணினாள். இரும்பு அணிந்தவள் தலைநிமிர்ந்தாள். 1914இல் தொடங்கிய முதல் உலகப்போரில் செருமனியும் ஆஸ்திரியாவும் இதே முழக்கத்தை மீண்டும் எழுப்பின.

மூன்றாம் முறை அது நிகழ்ந்தது நம் திருச்சபையின் வாசலிலேயே. முசோலினியின் இத்தாலி 1935 அக்டோபரில் எத்தியோப்பியாமீது படையெடுத்தது. நவம்பர் 18 முதல் நாடுகளின் கழகம் இத்தாலிக்குப் பொருளாதாரத் தடை விதித்தது. டிசம்பர் 18ஆம் நாள் 'மோதிர நாள்' என்று அறிவிக்கப்பட்டது. இத்தாலிய மொழியில் 'ஃபேதே' என்ற ஒரே சொல் விசுவாசத்தையும் குறிக்கும், திருமண மோதிரத்தையும் குறிக்கும். அந்த இரட்டைப் பொருளை ஆட்சியாளர் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டனர். உரோமையில் 'தாய்நாட்டுப் பீடம்' எனப்படும் நினைவுச் சின்னத்தின்முன் அரசி எலேனா முதலில் வந்து மோதிரத்தை இட்டார். பின்னால் ஆயிரக்கணக்கான பெண்கள். பதிலுக்கு எஃகு மோதிரம் தரப்பட்டது. ஆயர்கள் பலர் இதை ஆசீர்வதித்தனர். தம் மார்புச் சிலுவையையே கொடுத்தவர்களும் உண்டு.

இதை எழுதும்போது நமக்கு வெட்கமாகவே இருக்கிறது. திருமண உடன்பாட்டின் அடையாளத்தை உருக்கிப் போர் நடத்துவதற்குப் 'பீடம்' என்னும் சொல்லை இரவல் தந்தோம். அதே மாதத்தில் எத்தியோப்பியாவில் நச்சு வாயு பயன்படுத்தப்பட்டது. அந்நாடோ நான்காம் நூற்றாண்டிலேயே கிறிஸ்துவை ஏற்ற நாடு. பல பெண்கள் மலிவான வேறொரு மோதிரத்தை வாங்கிப் போட்டுவிட்டுத் தம் உண்மை மோதிரத்தை ஒளித்துவைத்தார்கள் என்று சொல்வார்கள். அப்பெண்களைப் பொய்யர் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

மணமகனின் மோதிரத்திற்கு வருவோம். 1920களில் அமெரிக்க நகை வணிகர்கள் ஆடவருக்கென நிச்சய மோதிரம் ஒன்றை விற்க முனைந்து தோற்றனர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், கடல் கடந்து போன வீரர்கள் மனைவியின் நினைவாக அணிந்த மோதிரமோ தானாகவே பரவியது. விளம்பரத்தால் வராதது பிரிவால் வந்தது. 1963 டிசம்பரில் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, மணமகளுக்கான செபம் பற்றுறுதிக் கடமை இருவருக்கும் சமம் என்பதை நினைவூட்டும் வகையில் திருத்தப்பட வேண்டும் என்றது. அதன்படி 1969 மார்ச் 19இல் வெளியான புதிய திருமணச் சடங்கு முறை, இரு மோதிரங்களை மந்திரித்து, ஒருவர் மற்றவருக்கு அணிவிக்கச் செய்தது. சில நாடுகளின் சடங்கு நூல்களில் இவ்வழக்கம் முன்னரே இருந்ததுண்டு. ஆயினும் உரோமை முறையில் ஆடவன் விரலுக்கு மோதிரம் வந்து இன்னும் அறுபது ஆண்டுகள்கூட ஆகவில்லை.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறன்று அந்த இளைஞர் மீண்டும் வந்தார். இம்முறை பேச்சு முழுவதும் உலோகத்தைப் பற்றியே. அதில் அவர் ஆசிரியர், நாம் மாணவர். தூய பொன் மிக மென்மையானது. அதனால்தான் செம்பும் வெள்ளியும் கலக்கிறார்கள். நூற்றுக்கு 91.6 பங்கு பொன் இருப்பது 22 காரட். 75 பங்கு இருப்பது 18 காரட், அதுவே கையால் உழைப்பவருக்கு ஏற்றது. இப்போது கடைகளில் டங்ஸ்டன் கார்பைடு மோதிரம் கீறலே விழாது என்று விற்கிறார்களே என்றோம். சிரித்தார். "எங்க பட்டறையில வெட்டுற டூல் முனையே அதுதான் சாமி. கீறாது, ஆனா கீழ விழுந்தா ஒடஞ்சிரும். அளவு கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது." விரல் வீங்கிவிட்டால் பொன்னை அறுத்து எடுக்கலாம், அதை இடுக்கியால் நெரித்து நொறுக்கத்தான் வேண்டும். மிகக் கடினமானது எதுவோ அதுவே வளையத் தெரியாமல் உடைகிறது. இதைக் கேட்டதும் நமக்கு ஒரு மறையுரை தோன்றியது உண்மைதான், அடக்கிக்கொண்டோம்.

டைட்டானியம் பற்றிச் சொல்ல நமக்கும் ஒரு செய்தி இருந்தது. 1791இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், காந்தத்தால் ஈர்க்கப்படும் கருமணலைச் சோதித்து அதில் புதிய உலோகம் ஒன்று உண்டெனக் கண்டவர் வில்லியம் கிரெகோர் என்னும் ஆங்கிலிக்கன் குரு. பங்குப் பணிக்கிடையே வேதியியல் பயின்றவர். அவர் கண்ட இல்மனைட் மணல் குமரிக் கடற்கரையில், மணவாளக்குறிச்சியில் ஏராளமாகக் கிடக்கிறது. பொன்னில் நான்கில் ஒரு பங்கு எடைகூட இல்லாத உலோகம், துருப்பிடிக்காது. ஆனால் அதைக் கடைந்தெடுக்கத் தம் பட்டறையில் வசதி போதாது என்றார் அவர்.

கடைசியில் அவர் தேர்ந்தது நம் அடுக்களைகளில் எவர்சில்வர் என வழங்கும் துருவேறா எஃகு. 1913இல் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி உருக்கிக் கண்டது. அதிலுள்ள குரோமியம் மேலே மெல்லிய படலமாகப் படர்ந்து துருவைத் தடுக்கிறது. நல்ல தரத்துத் துண்டுக் கம்பி ஒன்றை எடுத்து, வேலை முடிந்த ஒரு மாலையில் தாமே கடைந்து, உள்விளிம்பை மழுக்கி மெருகிட்டாராம். லேத்தில் நிற்கும்போது மோதிரம் அணிவது ஆபத்தாயிற்றே, அப்போது எங்கே வைப்பீர் என்று கேட்டோம். சட்டைப் பொத்தானை அவிழ்த்து, கழுத்தில் கிடந்த உத்தரியக் கயிற்றைக் காட்டினார்.

திருமணத் திருப்பலியில் பீடப்பூவினர் நீட்டிய தட்டில் இரண்டு மோதிரங்கள் இருந்தன, பொன்னில் ஒன்றும் எஃகில் ஒன்றும். இரண்டையும் ஒரே செபத்தால் மந்திரித்தோம். மணமகளின் விரலில் பொன் மோதிரம் எளிதாக இறங்கிற்று. மணமகனின் விரல் கணு பட்டறை வேலையால் தடித்தது. எஃகு மோதிரம் அங்கே தடைப்பட்டது. அந்தப் பெண் அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, மெல்லத் திருகித் திருகி, அது போய் அமரும்வரை கையை விடவில்லை.