ஒரு சிவப்புப் புள்ளி

1965-ல் அமெரிக்காவில் ஒரு மருத்துவக் கூட்டம். கோழிக்குஞ்சின் தைமஸ் சுரப்பியைப் பற்றிய ஆய்வுரை முடிந்ததும், அதையொட்டிப் பேச எழுந்தார் பிலடெல்பியாவின் குழந்தை மருத்துவர் ஆஞ்சலோ டி ஜார்ஜ். தைமஸும் பாராதைராய்டும் இல்லாமலே பிறக்கும் குழந்தைகளைத் தான் பார்த்திருப்பதாகச் சொன்னார். கால்சியம் இறங்கி வலிப்பு வரும். தொற்று விடாமல் துரத்தும். பலருக்கு இதயக் கோளாறும் இருந்தது.

அதற்குப் பத்தாண்டுகள் முன்பே, மூக்கால் பேசும் குழந்தைகளைப் பற்றி பிராகில் எவா செட்லாச்கோவா எழுதியிருந்தார். 1976-ல் டோக்கியோவில் டக்காவோ குழுவினர், இதயத்திலிருந்து கிளம்பும் பெருங்குழாய்களில் கோளாறுள்ள குழந்தைகளிடம் ஒரே முகச்சாயலைக் கண்டார்கள். 1978-ல் நியூயார்க்கில் ராபர்ட் ஷ்பிரின்ட்சன், அண்ணப் பிளவும் இதயக் கோளாறும் சேர்ந்தே வருவதைப் பதிவுசெய்தார். ஒவ்வொரு துறையும் தனித்தனிப் பெயர் வைத்தது.

முதல் துப்பு 1981-ல் பின்லாந்தில் கிடைத்தது. ஒரு குடும்பத்தில் டி ஜார்ஜ் நோயோடு பிறந்தவர்களுக்கு 22-ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி இல்லை. ஆனால் பெரும்பாலான குழந்தைகளின் குரோமோசோம்கள் நுண்ணோக்கியில் முழுசாகத்தான் தெரிந்தன. போனது ஏறக்குறைய 30 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள். சாதாரண நுண்ணோக்கிக்கு எட்டாத அளவு.

அந்த இடத்தில் ஒரே மாதிரியான டிஎன்ஏ தொடர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரே சொல் இரண்டு வரிகளில் வந்தால் ஏட்டைப் படியெடுப்பவர் கண் தாவி நடுவிலுள்ளதை விட்டுவிடுவார், அல்லது இரண்டு முறை எழுதிவிடுவார். கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது இங்கேயும் அப்படித்தான்: ஒன்றில் துண்டு விடுபடும், இன்னொன்றில் இரட்டிக்கும்.

1990-களின் தொடக்கத்தில் லண்டனில் பீட்டர் ஸ்கேம்ப்ளரும், பிலடெல்பியாவில் பெவர்லி இமானுவேல், டெபோரா டிரிஸ்கால் ஆகியோரும் அந்த விடுபட்ட துண்டைப் பிடித்தார்கள். பல பெயர்களில் இருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு விடுபட்டது ஒரே துண்டு.

அதிலிருந்து பிறந்ததுதான் இந்தத் துண்டைத் தேடும் ஃபிஷ் பரிசோதனை. குழந்தையின் ரத்த அணுக்களை வளர்த்து, கண்ணாடித் தகட்டில் பரப்பி, ஒளிரும் டிஎன்ஏ துண்டை ஒட்டவிடுவார்கள். 22-ஆம் குரோமோசோமை அடையாளம் காட்ட இரண்டு பச்சைப் புள்ளிகள். அந்த இடத்துக்கு இரண்டு சிவப்பு. சிவப்பு ஒன்றே என்றால் துண்டு இல்லை. பக்கத்திலேயே இரட்டித்த துண்டு இதில் எளிதில் தப்பிவிடும். அதைப் பிடிக்க மைக்ரோஅரே போன்ற பரிசோதனை வேண்டும்.

பெருங்குழாய்க் கோளாறுள்ள குழந்தைக்கு அறுவைச் சிகிச்சைக்கு முன்பே, துண்டு விடுபட்டிருக்கிறதா என்ற பரிசோதனையைச் செய்துவிட வேண்டும். விடுபட்டது தெரிந்தால் கால்சியத்தைக் கண்காணிப்பார்கள். கதிர்வீச்சுக்கு உட்படுத்திய ரத்தத்தையே ஏற்றுவார்கள். இல்லையேல் தானமாக வந்த ரத்தத்தின் வெள்ளணுக்களே பலவீனமான குழந்தையைத் தாக்கக்கூடும். பெற்றோருக்கும் ஒரு பதில் கிடைக்கும்: பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு இது புதிதாக நேர்ந்தது, தாய் சாப்பிட்டதாலோ செய்ததாலோ வந்ததல்ல. வளர்ந்தபின் தன் பிள்ளைக்கு இது போக இரண்டில் ஒரு வாய்ப்பு என்பதையும் அந்தக் குழந்தை அறிந்திருக்க வேண்டும்.