எக்ஸ்.500 அடைவு வழங்கிகளின் பன்னாட்டு இணைப்பு

ஒரு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இருப்பவர், வேறொரு நாட்டின் ஆய்வாளருடைய மின்னஞ்சல் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தம் கணினியிலிருந்தே தேடிப் பெறுவதற்காக, தனித்தனி வலையமைப்புகளில் இயங்கிய அடைவு வழங்கிகளை ஒரே மரமாகக் கோத்த முயற்சி இது. 1980களின் இறுதியில் தொடங்கி 1990கள் முழுவதும் நீடித்தது. ஐரோப்பிய நாடுகள், அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலியவை பங்கேற்றன. அடைவுகளைத் தேட இன்று பயன்படும் எல்டாப் நெறிமுறை இந்த முயற்சியில் கிடைத்த அனுபவத்தின் நேரடி விளைவு.

பின்னணி

பன்னாட்டுத் தந்தி, தொலைபேசி ஆலோசனைக் குழுவும் ஐஎஸ்ஓ அமைப்பும் சேர்ந்து உருவாக்கிய எக்ஸ்.500 தரம் 1988இல் வந்தது. இதன்படி உலகத்தின் எல்லாப் பதிவுகளும் ஒரே மரத்தில் அமையும். வேரின் கீழ் நாடு, நாட்டின் கீழ் நிறுவனம், அதன் கீழ் துறை, அதன் கீழ் ஆள். மரத்தின் ஒவ்வொரு பகுதியையும் அதற்கு உரியவர்களே தங்கள் வழங்கியில் வைத்துக் காப்பார்கள். கேட்ட விவரம் தன்னிடம் இல்லாத வழங்கிக்கு இரண்டு வழிகள் உண்டு. தானே அடுத்த வழங்கியைக் கேட்டு விடையை வாங்கித் தரலாம். அது சங்கிலி முறை. அல்லது கேட்டவரையே அந்த வழங்கியிடம் போகச் சொல்லலாம். அது சுட்டு முறை.

வலையமைப்புகளின் பிளவு

உலகம் முழுவதும் ஐஎஸ்ஓவின் ஓஎஸ்ஐ நெறிமுறைகளில் ஓடும் ஒரே வலையமைப்பு வந்துவிடும் என்ற எதிர்பார்ப்பில் எழுதப்பட்ட தரம் இது. நடைமுறை வேறாக இருந்தது. பிரிட்டனின் ஜானெட் வலையமைப்பும், ஐரோப்பிய ஆய்வு வலையமைப்புகளை இணைத்த ஐஎக்ஸ்ஐயும் எக்ஸ்.25 நெறிமுறையில் ஓடின. அமெரிக்கா இணையத்தின் டிசிபி/ஐபியில் இருந்தது. வேறு சில இடங்களில் ஓஎஸ்ஐயின் சொந்த வலையமைப்புச் சேவையான சிஎல்என்எஸ் சோதனையில் இருந்தது. எக்ஸ்.25 வழியாக மட்டுமே அணுகக்கூடிய வழங்கியை, டிசிபி/ஐபி மட்டும் உள்ள ஒரு கணினிக்குச் சுட்டிக் காட்டினால் அந்தக் கணினியால் அங்கே போகவே முடியாது. சுட்டு முறை இந்த எல்லையில் பயனற்றுப்போனது.

இணைத்த நுட்பங்கள்

மூன்று ஏற்பாடுகள் வழி திறந்தன. முதலாவது, 1987இல் வெளியான இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 1006. மார்ஷல் ரோஸ், டுவைட் காஸ் இருவரும் எழுதிய இது, ஓஎஸ்ஐ போக்குவரத்துச் சேவையை டிசிபியின் 102ஆம் வாயிலின் மேல் ஓட வைத்தது. அதனால் ஒரே அடைவு மென்பொருள் இரண்டு உலகங்களிலும் இயங்க முடிந்தது.

இரண்டாவது, முகவரி முறை. ஸ்டீவ் ஹார்ட்கேஸில்-கில்லே 1991இல் எழுதிய ஆர்எஃப்சி 1277, ஒரு டெலக்ஸ் எண்ணை முன்னொட்டாகக் கொண்டு, வலையமைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியெண் தந்தது: பன்னாட்டு எக்ஸ்.25க்கு 01, ஜானெட்டுக்கு 02, இணையத்துக்கு 03, ஐஎக்ஸ்ஐக்கு 06. ஒரு வழங்கி தன் முகவரிகள் அனைத்தையும் ஒரே பதிவில் வரிசையாக வைத்தது; கேட்கும் வழங்கி அவற்றுள் தனக்கு எட்டக்கூடியதைத் தேர்ந்தெடுத்தது.

மூன்றாவது, இடைநிலை வழங்கிகள். ஒன்றுக்கு மேற்பட்ட வலையமைப்புகளில் கால் வைத்திருந்த வழங்கிகள் சங்கிலி முறையில் கேள்வியை ஒரு பக்கத்தில் வாங்கி மறுபக்கத்தில் கேட்டு விடை தந்தன. சுட்டு முறை தோற்ற இடத்தில் மரத்தை ஒன்றாக வைத்திருந்தவை இவையே.

பாரடைஸ் திட்டம்

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் உருவான கீப்பு என்ற வழங்கி மென்பொருளே இந்த முயற்சிகளின் முதுகெலும்பு. இன்கா மக்கள் கணக்கு வைத்த முடிச்சுக் கயிற்றின் பெயர் அதற்கு. 1989இல் அமெரிக்காவில் பிஎஸ்ஐ நிறுவனம் வெள்ளைப் பக்கங்கள் முன்னோட்டத்தைத் தொடங்கியது. 1990இல் ஐரோப்பாவின் ஓஎஸ்ஐ ஒத்துழைப்புத் திட்டமான கோசைனின் கீழ், நாடுகளின் அடைவுகளை இணைக்கும் பாரடைஸ் வந்தது. கீப்பு வழங்கிகளுக்குத் தென் அமெரிக்க விலங்குகளின் பெயர்களை இட்டனர். வேரைத் தாங்கிய லண்டன் வழங்கி ‘ஜயன்ட் டார்டாய்ஸ்’ எனப்பட்டது.

வேருக்கென ஒரு தலைமை வழங்கியை 1988 தரம் வகுக்கவில்லை. பதிவுகளை நகலெடுக்கும் முறையும் அதில் இல்லை. கீப்பு தனக்கென ஒரு நகலெடுப்பு முறையை அமைத்து, வேரின் கீழுள்ள நாட்டுப் பதிவுகளைப் பல வழங்கிகளில் பரப்பியது. தொலைதூரத் தொடர்பு அறுந்தாலும் எந்த நாட்டை எங்கே கேட்பது என்பது அருகிலேயே தெரிந்தது. ஆனால் பிரான்சின் இன்ரியா உருவாக்கிய பிசாரோ போன்ற பிற மென்பொருள்களுக்கு அந்த முறை தெரியாது. தரப்படுத்திய நகலெடுப்பு 1993 பதிப்பில்தான் சேர்ந்தது. வேரை நிர்வகிக்கும் முறையை டேவிட் சாட்விக் 1997இல் ஆர்எஃப்சி 2120இல் வகுத்தார். பாரடைஸ் பின்னர் ஐரோப்பிய ஆய்வு வலையமைப்புகளுக்கான டான்டே அமைப்பின் பொறுப்பில் நேம்ஃப்ளோ-பாரடைஸ் என்ற பெயரில் தொடர்ந்தது.

எல்டாப்

முழு ஓஎஸ்ஐ அடுக்கையும் தாங்க அன்றைய மேசைக் கணினிகளுக்கு வலுவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹோவ்ஸும் உடன் உழைத்தவர்களும் முதலில் டிக்சி என்ற எளிய நெறிமுறையை எழுதினர். 1993இல் யோங், ஹோவ்ஸ், கில்லே மூவரும் ஆர்எஃப்சி 1487ஆக எல்டாப்பை வெளியிட்டனர். அது நேரே டிசிபியின் மேல் ஓடியது. தொடக்கத்தில் எக்ஸ்.500க்கு ஒரு வாசல் மட்டுமே. 1995இல் மிச்சிகனில் தனித்து இயங்கும் எல்டாப் வழங்கி பிறந்ததும் பின்னால் எக்ஸ்.500 தேவையில்லாமல் போனது. 1997இன் மூன்றாம் பதிப்பு சுட்டு முறையை நெறிமுறையில் சேர்த்தது. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியேற்றம் வழியே தமிழ் உட்பட எல்லா எழுத்துகளிலும் பெயர்களை எழுத இடம் தந்தது.

மதிப்பீடு

உலகத்துக்கு ஒரே அடைவு என்ற இலக்கு நிறைவேறவில்லை. நிறுவனங்கள் தம் பணியாளர் விவரங்களை வெளியே திறந்து வைக்கத் தயங்கின. தனிநபர் தரவு பற்றிய சட்டங்களும் நாட்டுக்கு நாடு மாறுபட்டன. டிசிபி/ஐபி எங்கும் பரவியபின் நெறிமுறைகளைப் பாலமிடும் தேவையும் மறைந்தது. ஆயினும் அந்தப் பெயர் மரம் ஓபன்எல்டாப், ஆக்டிவ் டைரக்டரி ஆகிய இன்றைய அடைவு மென்பொருள்களில் வாழ்கிறது. அதே தரத்தொகுப்பின் எக்ஸ்.509 சான்றிதழே இன்று பாதுகாப்பான இணையதளங்களுக்கு ஆதாரம். பொருந்தாத வலையமைப்புகள் ஒன்றாகும் வரை காத்திராமல், அவற்றின் மேல் ஒரே பெயர் ஒழுங்கைக் கட்டிக் காட்டியது இந்தத் தலைமுறைப் பொறியாளர்களின் பெரும் சாதனை.