பட்டா யார் பேர்ல இருக்கு?

"மாசம் ஐந்நூறு ரூபா ஒதுக்கி வெச்சிருக்கேன். நம்ம ஊர்ப் பக்கம் எந்த அமைப்புக்குக் கொடுக்கலாம்?" இந்தக் கேள்வி நம்மில் நிறைய பேருக்கு உண்டு. பெயர்ப் பட்டியல் போடறது சுலபம். ஆனா திண்டுக்கல் வட்டாரத்திலிருந்து இந்த வேலைக்குக் கிளம்பினவங்க பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது என்னன்னு பார்த்தா, பணம் எங்கே போகணும்னு நமக்கே பிடிபடும்.

சாணார்பட்டியில நின்னு தென்மேற்கே பார்த்தா சிறுமலை. மலைக்கு அந்தப் பக்கம், மதுரை ரோட்டில், காந்திகிராமம். 1947-ல டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கினது. சௌந்தரம், டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய சுந்தரம் ஐயங்காரோட மகள். இளம் வயசிலேயே கணவரை இழந்து, அதுக்கப்புறம் டெல்லிக்குப் போய் மருத்துவம் படிச்சவர். அந்தக் காலத்துல அது எவ்வளவு பெரிய காரியம்னு யோசிச்சுப் பாருங்க. ஆனா இன்னிக்கு நான் சொல்ல வந்தது அவர் ஆதரவில் படிச்ச இன்னொரு பெண்ணைப் பற்றி.

கிருஷ்ணம்மாள். 1926-ல திண்டுக்கல் பக்கம் அய்யன்கோட்டையில், நிலமில்லாத ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தவர். 1950-ல காந்தியவாதி ஜெகந்நாதனைத் திருமணம் செய்துகொண்டார். அடுத்த வருஷமே வினோபா பாவே பூமிதான இயக்கத்தைத் தொடங்க, இருவரும் அதில் இறங்கினார்கள். ஊர் ஊராக நடந்து, நிலம் வைத்திருப்பவர்களிடம் "கொஞ்சம் கொடுங்க"ன்னு கேட்பதுதான் இயக்கம். நிலம் வந்தது. ஆனா தானமா வந்ததில் பல இடம் கல்லும் முள்ளும். அதைத் திருத்த மாடும் கிடையாது, முதலும் கிடையாது. கொடுத்தவருக்குப் புண்ணியம், வாங்கினவர் மறுபடியும் கூலிக்குத்தான் போகணும்.

1968 டிசம்பர் 25. கீழத்தஞ்சையில் கீழ்வெண்மணி. கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் கேட்டுப் போராடிய தொழிலாளர்களின் குடும்பங்கள், தாக்குதலுக்குப் பயந்து ஒரு குடிசைக்குள் ஒளிஞ்சாங்க. அந்தக் குடிசைக்குத் தீ வைத்தார்கள். 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். சேதி கேட்டு அந்தப் பகுதிக்குப் போன கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

இங்கே கொஞ்சம் நிக்கணும். கீழத்தஞ்சையில் விவசாயக் கூலிகளின் குடிசைகள் பெரும்பாலும் மிராசுதார் நிலத்திலேயே இருந்தன. கூலி கேட்டா வேலை போகும். வேலையோட வீடும் போகும். குடியிருக்கிற மனையை அவங்களுக்கே சொந்தமாக்கிய தமிழ்நாட்டின் குடியிருப்புச் சட்டம் வந்தது 1971-ல்தான். இதைத் தெரிஞ்சுக்காம அங்கே போய்க் கூரை மாத்திக் கொடுத்திருந்தா, அது யாரோட வீட்டுக்குப் போட்ட கூரை?

அதனாலதான் 1981-ல இருவரும் தொடங்கிய லாஃப்டி, அதாவது உழுபவனின் நில உரிமை இயக்கம், தானம் கேட்கவில்லை. விற்கத் தயாரா இருந்த நில உரிமையாளரோட பேசி நியாயமான விலை முடிப்பது, வங்கிக் கடன் ஏற்பாடு செய்வது, நிலத்தைப் பெண்கள் பேரில் பதிவு செய்வது, விளைச்சலிலிருந்து கடனை அடைப்பது. இதுதான் வழி. குடும்பத்துக்கு சுமார் ஒரு ஏக்கர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். தலைமுறை தலைமுறையா உழுதவங்க அந்த மண்ணுக்கே விலை கொடுக்கணுமான்னு கேட்டா, நியாயமான கேள்விதான். எனக்கும் உறுத்துது. ஆனா காசு கொடுத்து வாங்கி, தன் பேரில் பத்திரம் வைத்திருக்கும் பெண்ணை அவ்வளவு சுலபமா யாரும் "வெளியே போ"ன்னு சொல்ல முடியாது.

வீடு கட்டற வேலையும் அதே முறையில்தான் நடந்தது. மழைக்குக் கரையும் மண் சுவருக்குப் பதிலா செங்கல் வீடு. செங்கல் அறுப்பதிலும் தச்சு வேலையிலும் கிராமத்துக்காரங்களே. 2008-ல இந்தத் தம்பதிக்கு ‘மாற்று நோபல்’ என்று அழைக்கப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. 2013-ல ஜெகந்நாதன் மறைந்தார். 2020-ல கிருஷ்ணம்மாளுக்குப் பத்மபூஷண் அறிவித்தார்கள்.

நாய்க் காப்பகத்துக்குக் கொடுக்க நினைக்கிறவங்களுக்கும் இங்கே விஷயம் இருக்கு. சென்னையில் 1959-ல கேப்டன் சுந்தரம் குடும்பம் (இவர் வேற சுந்தரம், விமானி) புளூ கிராஸ் தொடங்கியது. தெருநாய்களைக் கொல்வதுதான் அப்போதைய வழக்கம். அதுக்குப் பதிலா கருத்தடை செய்யலாம்னு 1964-லிருந்தே அவங்க சொல்லி, செய்தும் காட்டினாங்க. சென்னை மாநகராட்சி அந்த வழிக்கு வர 1996 ஆகிவிட்டது. சோறு போடற படத்துக்கு லைக் விழும், அறுவை சிகிச்சைப் படத்துக்கு விழாது. ஆனா கருத்தடை நடக்காத ஊரில் காப்பகம் எத்தனை கட்டினாலும் நிரம்பிக்கிட்டேதான் இருக்கும்.

சரி, சாணார்பட்டி பக்கம் வருவோம். வீடு கட்டித் தர்றோம்னு ஒரு அமைப்பு சொன்னா, முதல்ல கேளுங்க: மனை யார் பேர்ல இருக்கு? பட்டா வந்தாச்சா? அரசாங்கத்தோட வீட்டுத் திட்டங்களிலும் கையில் பட்டா இல்லாதவங்கதான் முதலில் தடுக்கி விழறாங்க. மனு எழுதிக் கொடுத்து, கூடவே தாலுகா ஆபீஸுக்கு நாலு தடவை அலையற சின்னக் குழு உங்க பக்கத்துல இருந்தா, பஸ் காசுக்கும் ஜெராக்ஸ் காசுக்கும் அவங்கதான் திண்டாடிக்கிட்டிருப்பாங்க. என்னைக் கேட்டா, அந்த ஐந்நூறு ரூபாயை அவங்களுக்குக் கொடுக்கலாம்.